இரண்டரை இருமல்

இருமல்களை எடுப்பது என் தொழில். நான் டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்த இருமல் அடுத்த மழைக்குத் திரும்பி வரும். நான் எடுத்தது வராது என்று பீற்றிக்கொண்டிருந்தேன். போன வருஷம் வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

என் மாப்பிள்ளை ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறார். பழைய செவ்வியல் இசைக் கச்சேரிகளின் மூல டேப்புகளைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, ஹை-ரெசல்யூஷன் ஃபைல்களாக்கி டவுன்லோடுக்கு விடுவது அவர் வியாபாரம். சாதாரண ஸ்டீரியோ அல்ல, நாலு சேனல். நாற்காலிக்கு முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு ஸ்பீக்கர். முன்னால் உள்ளவற்றில் மேடை கேட்கும். பின்னால் உள்ளவற்றில் அரங்கு கேட்கும். அரங்கு என்றால் என்ன? ஜனங்கள். ஜனங்கள் என்றால் என்ன? இருமல்.

அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர்கள் அரங்கின் மைக்குகளை ஆட்களின் தலைக்கு நேர் மேலே தொங்கவிடுவார்கள். பழைய இசைத்தட்டில் எங்கோ மூலையில் 'லொக்' என்று கேட்டது, ஹை-ரெசல்யூஷனில் ஆளையே கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்துவிடும். புகை பிடிக்கிறவரா, பல் செட்டுக் கட்டியவரா, கைக்குட்டையில் இருமினாரா வெறுங்கையில் இருமினாரா, எல்லாம் தெரியும்.

"மாமா, துல்லியம் கூடக் கூட மனுஷன் கண்றாவியாத் தெரியறான். மொத்தத்தையும் எடுத்துடுங்க" என்றார் மாப்பிள்ளை.

வீட்டில் நான் அவருக்கு மாமனார், ஆபீசில் அவர் எனக்கு முதலாளி. அறைக்குள் ஒருவர் நுழைந்தால் மற்றவர் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று இருவருக்கும் இன்றுவரை குழப்பம். பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையிலேயே நிறைய முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

என் மனைவிக்கு இந்த வேலையில் மரியாதை கிடையாது. "எவனோ எந்தக் காலத்துலயோ இருமினது உங்க காதுல விழுது. நான் மூணு நாளா இருமிக்கிட்டு இருக்கேன், ஒரு டம்ளர் வெந்நீர் வச்சுக் குடுக்கத் தோணலை" என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அவள் இருமல் யாருடைய வயலினையும் கெடுக்கவில்லையே.

வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இருமலை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை விழும். அதில் சும்மா அமைதியை வைத்து அடைக்க முடியாது. முழு அமைதி வைத்தால் அரங்கமே மூச்சு நின்று செத்துப் பிழைத்த மாதிரி இருக்கும். அதனால் அந்தக் காலத்திலேயே ஒரு வழக்கம் உண்டு. கதவைத் திறந்து ஜனங்களை உள்ளே விடுவதற்கு முன், வெறும் நாற்காலிகளை ஒரு நிமிஷம் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். தொழிலில் அதற்கு 'வெறும் நிமிஷம்' என்று பெயர். ஆள் இல்லாத அரங்குக்கும் ஒரு சத்தம் உண்டு. இருமலை எடுத்த இடத்தில் அதிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. ஒரு ஆளை எடுத்துவிட்டு அவருடைய காலி நாற்காலியை வைத்துவிடுகிறோம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. வேலை செய்கிறவன் அதையெல்லாம் நினைத்தால் வேலை ஓடாது.

வெட்டிய இருமல்களை எறிவதில்லை. அரங்கின் பெயர், வரிசை, விநாடி எல்லாம் எழுதித் தனியாகச் சேமித்து வைப்பேன். ஏன் என்று கேட்காதீர்கள். தையல்காரர்கள் வெட்டுத்துணியைச் சேர்த்து வைப்பதில்லையா?

அப்படி இருக்கும்போது, ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு, அந்த அம்மாள் ஆபீசுக்கு வந்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. பெரிய கொக்கி போட்ட கறுப்புக் கைப்பை ஒரு தோளில், பழைய இசைத்தட்டின் அட்டை கக்கத்தில். நேராக என் மேஜைக்கு முன் வந்து நின்றார்.

"இருமல் எடுக்கிறவரு நீங்கதானா?"

"ஆமாம்மா."

"என் வீட்டுக்காரரை எடுத்துட்டீங்க, தம்பி."

எழுபத்தொரு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் கிடைத்தால் குற்றச்சாட்டைக்கூட உட்கார வைத்துக் கேட்கலாம். நாற்காலி போட்டேன்.

அட்டையைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. பியானோ, வயலின், செல்லோ, மூன்று பேர் கச்சேரி. நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தையது. எங்கள் கம்பெனி அதை நாலு சேனலில் வெளியிட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் அதில் நாற்பத்து மூன்று இருமல்கள் எடுத்திருந்தேன்.

"இதுல ரெண்டாவதா மெதுவா ஒண்ணு வாசிப்பாங்க இல்லையா, அதுல பியானோ நின்னு வயலின் மட்டும் தனியாப் போகும். அந்த இடத்துல இவரு இருமினாரு" என்றார் அந்த அம்மாள். "ரெண்டரை."

"ரெண்டரையா?"

"ரெண்டு முழுசு. மூணாவது வரும்போது நான் தொடையில கிள்ளிட்டேன். பாதியில முழுங்கிட்டாரு. அந்தப் பாதி என்னோடது."

அவருடைய கணவர் நில அளவை ஆபீசில் வரைபடம் வரைந்தவர். பேச்சு குறைவு. ஃபோனைக் கண்டால் ஓடிவிடுவார், கல்யாண வீடியோவில்கூடத் தூணுக்குப் பின்னால் நிற்பார். போய்ப் பத்தொன்பது வருஷம். புகைப்படம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, தேய்ந்த செருப்புகூட இருக்கிறது. சத்தம் என்று பார்த்தால், உலகத்திலேயே அவர் விட்டுப் போனது அந்த இசைத்தட்டில் உள்ள இரண்டரை இருமல் மட்டும்தான்.

"தினம் அந்த இடத்துல மட்டும் ஊசியை வச்சு வச்சுக் கேட்டேன். இப்ப அங்க தட்டே தேஞ்சுபோச்சு. கரகரன்னு மட்டும்தான் வருது. மேல் வீட்டுப் பல் டாக்டர் நாலு ஸ்பீக்கர் வச்சிருக்காரு. பல்லு புடுங்கற சத்தம் வெளிய கேக்காம இருக்க. அவருதான் உங்க விளம்பரத்தைப் படிச்சுக் காட்டினாரு. அரங்கத்தோட ஒவ்வொரு மூச்சும் கேக்கும்னு போட்டிருக்கீங்க. டவுன்லோட் பண்ணி, என்னை நடுவுல உட்கார வச்சுப் போட்டாரு." கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். "வயலின் வந்துச்சு. இவரு வரலை."

நான் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"போன வாரம் அவரு எப்படிப் பேசுவாருன்னு நினைச்சுப் பார்த்தேன், தம்பி. பல் டாக்டர் குரல்தான் வருது. அந்த இருமல் இருந்தாத்தான் அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததுக்குப் போக முடியும். திருப்பிக் குடுத்துடுங்க."

"அவ்வளவுதானே அக்கா? எடுத்ததை எல்லாம் வச்சிருக்கேன். இப்பவே தரேன்" என்றேன், பெரிய மனுஷனாட்டம்.

சேமிப்பைத் திறந்தேன். ஆறாம் வரிசை, இடது பின் மைக், மூன்று விநாடி. பெயர் இருந்தது. நீளம் இருந்தது. ஓட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒலியை முழுக்கக் கூட்டினேன். மூன்று விநாடியும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மற்ற நாற்பத்திரண்டும் சரியாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தபோது ஒழுங்காக இருமிக் காட்டின.

சரி, மூல டேப் இருக்கிறதே என்று, அதிலிருந்து இறக்கிய நாலு தடத்தையும் திறந்தேன். நான் கையே வைக்காத பிரதி அது. அதிலும் அந்த மூன்று விநாடி மட்டும் இல்லை. வயலின் தனியாகப் போகிறது, இடது பின் தடத்தில் மட்டும் ஒரு குழி. கடைசியாக இரும்பு அலமாரியைத் திறந்து டேப்பையே எடுத்து மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். அங்கும் அதே குழி.

நாற்பது வருஷத் தொழிலில் நான் பார்க்காத கோளாறு இல்லை. டேப் பிசுபிசுத்துப் போகும், உதிரும், பூஞ்சை பிடிக்கும். ஆனால் ஒரு டேப்பிலிருந்து ஒரே ஒரு ஆள் எழுந்து போவதை அன்றுதான் பார்த்தேன்.

"கொஞ்ச நாள் குடுங்க அக்கா" என்றேன். அவர் எழுந்தார். அட்டையை மட்டும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அடகு வைத்த மாதிரி இருந்தது.

அந்த வாரம்தான் விமர்சனங்கள் வர ஆரம்பித்தன.

மாப்பிள்ளை கையில் டேப்லெட்டோடு என் அறைக்கு வந்தார். நான் பாதி எழுந்தேன். அவர் பாதி உட்கார்ந்தார்.

"மாமா, இதைக் கேளுங்க. 'இசை அருமை. ஆனால் என் பின்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார். மூன்று நட்சத்திரம்.'"

"எந்தக் கச்சேரிக்கு?"

"கச்சேரியே இல்லை. அந்தத் தனி பியானோ. ஸ்டுடியோவுல பதிவு பண்ணினது. ஆடியன்ஸே கிடையாது."

ஓட்டிப் பார்த்தோம். பியானோ ஓய்ந்து, கடைசிச் சுரம் கரையும் இடத்தில், இடது பின் ஸ்பீக்கரில் கேட்டது. லொக். லொக். அப்புறம் ஒரு மூன்றாவது, முழுசாக. கிள்ள ஆள் இல்லாததால் அதுபாட்டுக்குப் போய் முடிந்தது.

"எடுத்துடுங்க மாமா."

எடுத்தேன். மறுநாள் அது புல்லாங்குழல் ஃபைலில் இருந்தது. அங்கே எடுத்தேன். அதற்கு மறுநாள் நாற்பது பேர் பாடும் சேர்ந்திசையில், நாற்பது பேரும் மூச்சு வாங்கும் இடைவெளியில் இருந்தது. மரியாதை தெரிந்த இருமல். ஒரு தடவைகூட இசையின் மேல் இருமவில்லை. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே மட்டும், தயங்கித் தயங்கி, இருட்டில் வரிசையைத் தடவிக்கொண்டு வருகிறவர் 'மன்னிக்கணும், மன்னிக்கணும்' என்கிற மாதிரி.

மூன்று வாரத்தில் பதினான்கு ஃபைல்கள். ஏற்கெனவே டவுன்லோட் செய்து வைத்திருந்தவர்களின் வீட்டிலும் போய் இருமிற்று. ஒருவர் எழுதினார்: 'எங்கள் வீட்டில் முன்னால் இரண்டு ஸ்பீக்கர் மட்டும்தான். பின்னால் சுவர். சுவர் இருமுகிறது. தயவுசெய்து பதில் அளிக்கவும்.'

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன பதில் எழுதறது மாமா?"

"சுவருக்கு வெந்நீர் குடுக்கச் சொல்லுங்க."

"விளையாடாதீங்க மாமா."

நான் விளையாடவில்லை. எனக்கும் பயம்தான். அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களையும் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். அப்படியும் ஒரு சாயங்காலம், எதுவும் ஓடாதபோது, என் பின்கழுத்துக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, நான் அவர் தேடும் ஆள் இல்லை என்று கண்டு, விலகிப் போனார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஏமாந்து விடும் பெருமூச்சை நான் ஆயிரம் வெட்டியிருக்கிறேன்.

அந்த அம்மாளுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் அழுவார், அல்லது வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சீட்டு தேடறாரு" என்றார் அவர், மழை வருது என்பது போல.

"சீட்டா?"

"ஊருக்கெல்லாம் வரைபடம் போட்டவரு. தியேட்டருக்குள்ள போனா தன் சீட்டு எதுன்னு தெரியாது. இடைவேளையில வெளிய போயிட்டுத் திரும்பி வந்தா, வேற யாரு வீட்டு ஆளுங்க பக்கத்துலயாவது போய் உட்கார்ந்துடுவாரு. நான் கைப்பையை அவரு நாற்காலியில வச்சுக்கிட்டு எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கணும். நீங்க என்னடான்னா அவரை எழுப்பி விட்டுட்டு அந்த இடத்துல எதையோ ஒட்டி அடைச்சுட்டீங்க. எங்க போவாரு பாவம்?"

கடவுள் சத்தியமாக, எங்கள் தொழிலில் யாரும் இதை விடத் தெளிவாக ஒரு கோளாறை விளக்கியதில்லை.

"அப்ப ஒட்டினதை எடுத்துட்டு, இடத்தைக் காலியா விட்டு ஓட்டிப் பார்க்கலாமா அக்கா?"

"நானும் வரேன். நான் இல்லாம அவருக்கு வழி தெரியாது."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வந்தார். தலை சீவி, நல்ல சேலை கட்டி, கச்சேரிக்குப் போகிற மாதிரியே வந்தார். ஒலியறையில் நாலு ஸ்பீக்கருக்கு நடுவில் எப்போதும் ஒரு நாற்காலிதான் இருக்கும். "இடது பக்கம் இன்னொண்ணு போடுங்க" என்றார். போட்டேன். அதன் மேல் கைப்பையை வைத்தார். மாப்பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எனக்கு மட்டும் தெரியும்படி தலையில் கையை வைத்துக் காட்டினார்.

வெளியிட்ட ஃபைலில் நான் ஒட்டியிருந்த மூன்று விநாடியைப் பிய்த்து எடுத்துவிட்டு, முதலிலிருந்து ஓட்டினேன். முதல் பகுதி முடிந்தது. இரண்டாவது, மெதுவானது, ஆரம்பித்தது. பியானோ நின்றது. வயலின் தனியாகப் போனது. அந்த அம்மாள் அசையவே இல்லை.

பின்னால் இடது ஸ்பீக்கரில், லொக்.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாளின் கை கைப்பையின் மேல் போனது. ஆனால் அடுத்தது இடதில் வரவில்லை. பின்னால் வலது ஸ்பீக்கரில் வந்தது. மூன்றாவது அதைவிடத் தள்ளி, அறைக்கே வெளியே என்பது போல. வரிசையின் பின்னாலேயே நடந்து, எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

வயலினோடு செல்லோ வந்து சேர்ந்துகொண்டது. நான் நிறுத்தினேன்.

அந்த அம்மாள் கைப்பையை நாற்காலியில் நேராக நகர்த்தி வைத்தார். "என்னைப் பார்க்கலை. பக்கத்துல வந்தாரு, தம்பி. ஆனா என்னைத் தெரியலை." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "இனிமே வருவாரா?"

"வருவாரு அக்கா. இந்த ஃபைல்ல நான் எல்லாரையும் எடுத்துட்டேன். அதான். ஆளே இல்லாத அரங்குல எதை அடையாளம் வச்சுத் தேடுவாரு? மூல டேப்போட பிரதியைப் போடறேன். எல்லாரும் இருப்பாங்க" என்றேன். தைரியம் சொல்வதற்காகச் சொன்னது. சொல்லிக்கொண்டே அவசரமாக அந்தப் பிரதியைத் தேடி எடுத்தேன்.

அந்த அவசரத்தில்தான் தவறு செய்தேன். எங்கள் தொழிலில் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. இப்போதெல்லாம் ஃபைலில் முதல் இரண்டு தடம் மேடை, அடுத்த இரண்டு தடம் அரங்கு. ஆனால் அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தவர், வெறும் நிமிஷத்தைப் பிடிப்பதற்காக அரங்கின் மைக்குகளைத்தான் முதலில் இணைத்திருந்தார். அதனால் அவர் டேப்பில் அரங்கு முதலில், மேடை அப்புறம். டேப் பெட்டியில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தார். வெளியிட்டபோது நான் மாற்றிப் போட்டிருந்தேன். இப்போது மாற்ற மறந்து, அப்படியே ஓட்டிவிட்டேன்.

முதல் சுரம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மேடை பின்னால் போய்விட்டது. முன்னால், எங்களைப் பார்த்தபடி, அறுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு விட்டார்கள், கால் மாற்றிப் போட்டார்கள், நிகழ்ச்சித் தாளைப் புரட்டினார்கள். நான் எடுத்த நாற்பத்திரண்டு பேரும் அவரவர் இடத்தில் இருமினார்கள். எங்களைத்தான் பார்க்கிறார்கள். பியானோ வாசிக்கிறவருக்கு ஏன் வியர்க்கிறது என்று அன்று புரிந்தது.

நிறுத்தப் போனேன். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். இருக்கட்டும்.

மெதுவான பகுதி வந்தது. பியானோ நின்றது. எங்களுக்குப் பின்னால் வயலின் தனியாகப் போனது.

முன்னால், இடது ஸ்பீக்கரில், தூரத்தில், லொக்.

அந்த அம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மரத்தரையில் காலடிச் சத்தம் கேட்டது. அது அந்தப் பதிவில் எங்கும் இல்லாத சத்தம். எனக்கு அந்தப் பதிவு விநாடி விநாடியாக மனப்பாடம். காலடி நேராக வந்தது. நின்றது. இரண்டாவது லொக், இடது ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே, தரைவிரிப்பின் மேலிருந்து வந்தது.

அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாற்காலி கிறீச்சிட்டது. ஆபீஸ் நாற்காலி அது, எங்கள் கணக்காளர் உட்காருவது, அவர் உட்கார்ந்தால் மட்டும்தான் அப்படிக் கத்தும். கணக்காளர் அன்று லீவு.

மூன்றாவது இருமல் அந்த நாற்காலியில் தொடங்கியது. அங்கே ஸ்பீக்கர் கிடையாது. அந்த அம்மாள், முகத்தை முன்னால் நேராக வைத்தபடியே, இடது கையை மட்டும் நீட்டி, காற்றில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். இருமல் பாதியில் நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை முழுசாக உட்கார்ந்துவிட்டார். தரையில்.

மீதிக் கச்சேரியை மூவரும் பேசாமல் கேட்டோம். மூவரா நால்வரா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் ஒரு தடவை அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "இத்தனை நாளா எல்லாருக்கும் பின்னாலயே நின்னு தேடியிருக்காரு. பின்னாலிருந்து பார்த்தா நரைச்ச தலை எல்லாம் ஒண்ணுதானே. அவரு இருந்தப்ப எனக்கு இவ்வளவு நரை இல்லை. இன்னிக்குத்தான் மூஞ்சியைப் பார்த்தாரு" என்றார். என்னிடம் சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

முடிந்ததும் கைதட்டல் முன்னாலிருந்து எங்கள் மேல் வந்து கொட்டியது. அது அடங்குவதற்கு முன்பே அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

"கிளம்பறேன் தம்பி. கூட்டத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு இவரு எப்பவும் முன்னாலேயே எழுந்துடுவாரு. வேகமா வேற நடப்பாரு."

ஒலியறைக் கதவு கனமானது, ரப்பர் பட்டை வைத்தது. அது தானாகத் திறந்ததா என்று கேட்பீர்கள். கதை விடுகிறவன் அப்படித்தான் சொல்வான். இல்லை, அந்த அம்மாள்தான் இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார். ஆனால் திறந்தவர் உடனே போகவில்லை. சுவரோடு ஒதுங்கி, ஒரு ஆள் போகிற நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்புறம்தான் போனார்.

அவருக்கென்று அந்த ஓட்டத்தை அறையில் ஒரு மைக் வைத்துப் பதிவு செய்து, சின்ன டிரைவில் போட்டு வைத்திருந்தேன். அதை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார்.

அன்றோடு விமர்சனங்கள் நின்றன. பியானோ ஃபைலில் இல்லை, புல்லாங்குழலில் இல்லை, சேர்ந்திசையில் இல்லை. சுவர்க்காரருக்குக்கூடக் குணமாகிவிட்டது, ஐந்து நட்சத்திரம் போட்டார். மாப்பிள்ளை பழைய நிறத்துக்கு வந்து, "அந்த மூணு செகண்டுல மறுபடி வெறும் நிமிஷத்தை ஒட்டிடுங்க மாமா, ஓட்டையா நிக்குது" என்றார். நான் ஒட்டவில்லை. என் சர்வீசில் அவர் பேச்சை மீறியது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் மறந்துபோனது.

ஆனால் டிரைவை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்தேன். அந்த மூன்று விநாடி அதிலும் காலி. காலடி இல்லை, கிறீச்சு இல்லை, அரை இருமலும் இல்லை. நாங்கள் கேட்டது எதுவும் பதிவாகவில்லை. ஒரு மனுஷியிடம் கடைசியாக இருந்ததை எடுத்துவிட்டு, ஒரு காலை நேரம் காட்டிவிட்டு, மறுபடி வெறுங்கையோடு அனுப்பிவிட்டேனே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஃபோன் செய்தேன்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. அன்னிக்கு வந்தது பதிவாகலை. இடம் காலியாத்தான் இருக்கு. இன்னொரு தடவை வாங்க, வேற மைக் வச்சுப் பார்க்கலாம்."

"எது தம்பி? அந்த ஃபைலா? அது காலியாத்தான் இருக்கும்."

"ஏன்க்கா?"

"அங்க எப்படி இருப்பாரு?" என்றார், என் புத்தி மேல் கொஞ்சம் இரக்கப்பட்டு. பிறகு, "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, ஃபோனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பி அதட்டினார்: "பேசிக்கிட்டு இருக்கேன்ல? கையை வச்சு மூடிக்கிட்டு இருமுங்க."

முழுசாக இரண்டு கேட்டது. மூன்றாவது பாதியில் நின்றது.

ஃபோனில் ஒரே ஒரு சேனல்தான். அதனால் அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.